மூக்கு, சைனஸ் பரிசோதனை: எதை முதலில், எதைப் பிறகு? முழுமையான வழிகாட்டி

மூக்கைப் பார்க்கப் பழகுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கருவியைப் பிடிப்பதில் அல்ல, வரிசையில். வீக்கத்தைச் சுருக்கும் மருந்தைத் தெளித்துவிட்டு டர்பினேட் (மூக்கின் பக்கச்சுவரில் புடைத்திருக்கும் மடிப்பு) வீங்கியிருக்கிறதா என்று தேடுவார்கள். மூக்கை மரத்துப்போகச் செய்துவிட்டு வாசனை தெரிகிறதா என்று கேட்பார்கள். கன்னத்தை அழுத்தி, வலிக்கிறது என்று சொன்னதும் சைனஸ் என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியின் விடையை மாற்றும் என்பதால், மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் எழுதிய இந்த வழிகாட்டி வரிசைக்குத்தான் முதலிடம் தருகிறது. வீட்டில் செய்து பார்ப்பதற்கானது அல்ல.

1. தொடங்கும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை வெளிச்சம். தலையில் மாட்டும் எல்இடி விளக்கு போதும். குழிக்கண்ணாடி பயன்படுத்துவதானால் விளக்கு நோயாளியின் தோளுக்குப் பின்னால், காது மட்டத்தில் இருக்கட்டும். ஒளி ஏறத்தாழ 20 செ.மீ. தூரத்தில் குவியும், உங்கள் முகமும் அந்தத் தூரத்தில்தான் இருக்க வேண்டும். கையில் டார்ச் வைத்துக்கொண்டால் ஒரு கை போய்விடும்.

நாசியை விரித்துப் பிடிக்கும் துடிகம் ஸ்பெகுலம் இரண்டு மூன்று அளவுகளில், நாக்கை அழுத்தும் தகடு, நுனி மழுங்கிய மெல்லிய கம்பியான புரோப், சக்‌ஷன், பஞ்சு, கையுறை, முகக்கவசம், கைக்கெட்டும் தூரத்தில் டிஷ்யூ. மூக்கினுள் நுழைத்துப் பார்க்கும் குழாய்க் கருவியான எண்டோஸ்கோப் இருந்தால் பெரியவர்களுக்கு 4 மி.மீ., குறுகிய மூக்குக்கும் குழந்தைகளுக்கும் 2.7 மி.மீ.; கோணம் 0, 30 டிகிரி.

மருந்து இரண்டு: சுருக்குவதற்கு ஆக்ஸிமெட்டாசோலின் 0.05 சதவீதம் அல்லது சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம், மரக்கச் செய்ய லிக்னோகெய்ன் 4 சதவீதம். 4 சதவீதக் கரைசலில் 1 மி.லி.யில் 40 மி.கி. மருந்து இருக்கிறது. பஞ்சில் தாராளமாக ஊற்றும் கை இதை மறந்துவிடும். எடைக்கேற்ற உச்ச அளவைக் கணக்கிட்டு, அந்த அளவை மட்டும் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தமோ இதய நோயோ உண்டா, லிக்னோகெய்ன் ஒவ்வாமை உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். பஞ்சு உள்ளே போன பிறகு கேட்டால் பயனில்லை.

2. மனத்தில் இருக்க வேண்டிய வரைபடம்

உடற்கூறியலை முழுதாக ஒப்பிக்கத் தேவையில்லை. எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நடுச்சுவரின் முன்பகுதி நாற்கரக் குருத்தெலும்பு. அதற்குப் பின்னால் மேலே எத்மாய்ட் எலும்பின் (இரு கண்குழிகளுக்கும் நடுவே இருப்பது) செங்குத்துத் தகடு, கீழே வோமர் எலும்பு. பக்கச்சுவரில் மூன்று டர்பினேட்டுகள்: கீழ், நடு, மேல். கீழ் டர்பினேட் தனி எலும்பு. மற்ற இரண்டும் எத்மாய்டின் பகுதிகள். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள இடுக்குக்கு மியேட்டஸ் என்று பெயர்.

கீழ் மியேட்டஸில் கண்ணீர்க் குழாய் மட்டுமே திறக்கிறது. நடு மியேட்டஸில் கன்னம், நெற்றி, முன் எத்மாய்ட் ஆகிய மூன்று சைனஸ்களும் (எலும்புக்குள் உள்ள காற்றறைகள்) வடிகின்றன. மேல் மியேட்டஸில் பின் எத்மாய்ட். ஸ்பீனாய்ட் சைனஸ் அதற்கும் மேலே, பின்னால் உள்ள தனிக் குழிவில் திறக்கிறது. சீழ் எந்த இடுக்கிலிருந்து வருகிறது என்று பார்த்தாலே எந்தக் கூட்டம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். மூக்குப் பரிசோதனையின் மையமே நடு மியேட்டஸ்தான்.

கன்ன சைனஸின் வாய் அதன் உட்சுவரில் உயரத்தில் இருக்கிறது, தரையில் அல்ல. நிமிர்ந்து நிற்கும் மனிதரில் புவியீர்ப்பு அதை வடிக்காது. மென்முடிகள்தான் சளியை மேலேற்றி வெளியே தள்ளுகின்றன. ஒரு சிறு வீக்கம் வாயை அடைத்தாலே வடிகால் நின்றுவிடுவது இதனால்தான். அதே சைனஸின் தரை, மேல்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல், முதல் இரண்டு கடைவாய்ப் பற்கள் ஆகியவற்றின் வேர்களை ஒட்டியிருக்கிறது. பல் சீழ் சைனஸுக்கு ஏறும் வழி அது.

எத்மாய்டுக்கும் கண்குழிக்கும் நடுவே காகிதம் போன்ற எலும்புத் தகடு ஒன்றுதான். கூரையில் துளைகள் கொண்ட மெல்லிய எலும்பான கிரிப்ரிஃபார்ம் தகடு. அதற்கு மேல் மூளை உறை. இந்த இரண்டு சுவர்களையும் நினைவில் வைத்தால் கண்ணை ஏன் பரிசோதிக்கிறோம், நடு டர்பினேட்டுக்கு உட்புறமாக மேல்நோக்கி எதையும் ஏன் குத்தக்கூடாது என்பது தானாகப் புரியும்.

ரத்தக் கசிவு பெரும்பாலும் நடுச்சுவரின் முன்-கீழ்ப் பகுதியான லிட்டில் பகுதியிலிருந்து வரும். முன் எத்மாய்டல், ஸ்பீனோபாலடைன், பெரிய பாலடைன், மேலுதட்டு நாளத்தின் கிளை ஆகிய ரத்த நாளங்கள் சந்திக்கும் இடம் அது. ஸ்பெகுலத்தை விரித்ததும் முதலில் கண்ணில் படுவதும் அதுவே. ஆனால் எல்லோரும் அதைத் தாண்டிப் பின்னால் போய்விடுவார்கள்.

3. மூக்கின் வேலை, பரிசோதிப்பவருக்குத் தேவையான அளவு

உள்ளே போகும் காற்று மூக்கின் பின்பகுதியை எட்டுவதற்குள் ஏறத்தாழ 31 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, ஈரப்பதம் நிரம்பிவிடுகிறது. அதற்காகத்தான் டர்பினேட்டுகளில் விரிந்து சுருங்கும் ரத்தத் திசு இருக்கிறது. அந்தத் திசு இரண்டு பக்கமும் மாறி மாறி வீங்கும். ஒரு சுற்றுக்குச் சில மணி நேரம் ஆகும். காலையில் வலது பக்கம் வீங்கியிருப்பதைப் பார்த்து வலப்பக்க நோய் என்று எழுதினால், மாலையில் பார்ப்பவர் இடப்பக்கம் என்று எழுதுவார். இருவர் பார்த்ததும் இயல்பான சுழற்சியாகவே இருக்கலாம்.

காற்றுவழியில் மிகக் குறுகிய இடம் உள்வால்வு. நடுச்சுவரும் மேல் பக்கக் குருத்தெலும்பும் சேரும் 10 முதல் 15 டிகிரிக் கோணம் அது. ஸ்பெகுலத்தை நுழைத்த கணமே இந்த வால்வு விரிந்துவிடும், அடைப்பின் காரணம் கண்ணில் படாமல் போய்விடும். கருவி தொடுவதற்கு முன்பே வால்வைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று: “மூக்கு அடைச்சிருக்கு” என்பது உணர்வு, அளவு அல்ல. காற்று படும் குளிர்ச்சியை நரம்பு உணர்வதால்தான் மூக்கு திறந்திருப்பதாகத் தோன்றுகிறது. மெந்தால் காற்றோட்டத்தை மாற்றாமலேயே திறந்த உணர்வைத் தரும். சளிச்சவ்வு மெலிந்து பொருக்கு படிந்து குகைபோல் அகன்ற மூக்கில் காற்று தாராளமாகப் போகும், ஆனால் அவர் அடைப்பு என்றே சொல்வார். சொல்வதும் காண்பதும் பொருந்தவில்லை என்றால் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம்.

4. கேள்விகள்

நான்கு அறிகுறிகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அடைப்பு, முன்னால் ஒழுகும் அல்லது தொண்டையில் இறங்கும் சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனைக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம், எத்தனை நாள், நிலையாகவா மாறி மாறியா என்று கேளுங்கள்.

காலம் முக்கியம். நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று சொல்ல இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அந்த இரண்டில் ஒன்று அடைப்போ சளியோ ஆக இருக்க வேண்டும், 12 வாரம் அல்லது அதற்கு மேல் நீடித்திருக்க வேண்டும், எண்டோஸ்கோப்பிலோ சி.டி.யிலோ சான்றும் வேண்டும். முகவலி மட்டும் இருந்து அடைப்பும் சளியும் இல்லையென்றால் மூக்கைவிட ஒற்றைத் தலைவலி, தசை இறுக்கத் தலைவலி, தாடை மூட்டு ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். “எனக்கு சைனஸ் இருக்கு டாக்டர்” என்று வருபவரிடம் அந்தச் சொல்லை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், “என்ன செய்கிறது?” என்று கேளுங்கள்.

புதிதாக வந்த தொல்லையில் ஜலதோஷம் 10 நாளுக்குள் தணியும். ஐந்தாம் நாளுக்குப் பின் கூடினாலோ 10 நாள் தாண்டினாலோ அது வைரஸுக்குப் பிந்தைய அழற்சி. பாக்டீரியா என்று எண்ண இவற்றில் குறைந்தது மூன்று வேண்டும்: நிறம் மாறிய சளி, ஒரே இடத்தில் கடும் வலி, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அல்லது இ.எஸ்.ஆர். உயர்ந்திருப்பது, குறைந்துவந்த நோய் மறுபடி ஏறுவது. மஞ்சள் சளி மட்டும் ஆன்டிபயாடிக்கிற்குக் காரணம் அல்ல.

தும்மல், மூக்கு அரிப்பு, கண் அரிப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் ஒவ்வாமை. ஆஸ்துமா உண்டா, வலி மாத்திரை சாப்பிட்டு மூச்சுத் திணறியதுண்டா என்று கேளுங்கள். பாலிப் (மூக்கினுள் தொங்கும் சதை வளர்ச்சி), ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது உண்டு. அடுத்த கேள்வியை விடாதீர்கள்: “மூக்குச் சொட்டு மருந்து போடுகிறீர்களா? எத்தனை நாளாக?” சுருக்க மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். பலர் அதை மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. நீங்களாகக் கேட்டால்தான் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள்.

5. இங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டியவை

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ‘ஒரு பக்கம்’ என்ற சொல்லுக்குக் காது கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் ரத்தம், ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி என்றால் குழந்தையில் ஏதோ பொருள் மாட்டியிருக்கிறது, பெரியவரில் பல், பூஞ்சை, கட்டி ஆகியவற்றில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு அதை இல்லையென்று நிரூபிக்க வேண்டும்.

கண் வீக்கம், கண் பிதுங்கல், இரட்டைப் பார்வை, பார்வை மங்கல், நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கழுத்து விறைப்பு, மயக்கம் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கோ எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கோ முகம் மரத்து, மூக்கில் கறுப்புப் பொருக்கு தெரிந்தால் மியூக்கர் பூஞ்சை, மணிக்கணக்கில் பரவும்.

குனிந்தால் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் போலச் சொட்டுகிறது, உப்பாக இருக்கிறது என்று சொன்னால் மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, அந்த நீரை அடையாளம் காட்டும் புரதமான பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்புங்கள். அடிபட்ட மூக்கில் நடுச்சுவரின் இரு பக்கமும் சிவந்து மெத்தென்று உப்பியிருந்தால் அது ரத்தக் கட்டு. தொட்டால் அமுங்கும், சுருக்க மருந்துக்குச் சுருங்காது. வளைந்த நடுச்சுவர் தொட்டால் கடினமாக இருக்கும், ஒரு பக்கம் புடைத்தால் மறுபக்கம் குழிந்திருக்கும். ரத்தக் கட்டை உடனே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்கின் நடுவே பள்ளம் விழும்.

6. வெளியிலிருந்து பார்த்தல்

முன்னாலிருந்து, இரு பக்கமிருந்து, தலைக்கு மேலிருந்து, கீழிருந்து என்று வரிசையாகப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் மூக்குத் தண்டு விலகியதும் கண் பிதுங்கலும் ஒரே பார்வையில் தெரியும். மூக்கின் குறுக்கே ஒரு கோடு இருந்தால் உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம் உண்டு என்று அர்த்தம், ஒவ்வாமைக்காரரிடம் காணலாம்.

கட்டை விரலால் மூக்கு நுனியை மெல்ல உயர்த்துங்கள். வாசல், அதன் முடிகள், நடுச்சுவரின் முன்விளிம்பு, சிறு கொப்புளம் எல்லாம் இப்படித்தான் தெரியும். ஸ்பெகுலத்தின் தகடு மறைக்கும் பகுதி இதுவே. வாசலில் கொப்புளம் இருப்பது தெரியாமல் கருவியை நுழைத்தால் நோயாளி துள்ளிவிடுவார். பிறகு எதையும் பார்க்க விடமாட்டார்.

பிறகு இயல்பாக மூச்சை இழுக்கச் சொல்லி மூக்குச் சிறகைக் கவனியுங்கள். சாதாரண மூச்சிலேயே உள்ளே ஒட்டினால் வால்வு பலவீனம்.

7. காற்றோட்டமும் வாசனையும்: மருந்துக்கு முன்

குளிர்ந்த உலோகத் தகட்டை மூக்கின் கீழ் கிடையாகப் பிடித்து, மூக்கால் மூச்சுவிடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் படியும் ஆவியின் அளவை ஒப்பிடுங்கள். ஒரு நாசியை மூடும்போது கட்டை விரலைக் கீழிருந்து மெல்ல வையுங்கள். பக்கத்திலிருந்து அழுத்தினால் நடுச்சுவர் நகர்ந்து மறுபக்கமும் அடைபடும். பழகுபவர்கள் தவறான விடையைப் பெறும் முக்கியமான இடம் இது.

வால்வில் சந்தேகம் இருந்தால் கன்னத்தை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்து மூச்சு எளிதாகிறதா என்று கேட்பார்கள். காட்டில் சோதனை எனப்படும் இது பலருக்கும் ‘ஆம்’ என்றே வரும், ஆகவே அதை மட்டும் நம்பக்கூடாது. மழுங்கிய புரோப்பால் உள்ளிருந்து மேல் பக்கக் குருத்தெலும்பை மட்டும் தாங்கிப் பார்த்தால் விடை தெளிவாக இருக்கும்.

வாசனைக்குக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு நாசியாகக் காப்பித் தூளோ கிராம்போ காட்டுங்கள். அமோனியா, மெந்தால் வேண்டாம். அவை வாசனை நரம்பை விட்டுவிட்டு முகத்தின் உணர்வு நரம்பையே தூண்டும். வாசனை சுத்தமாக இல்லை என்று சொல்பவர் அமோனியாவும் தெரியவில்லை என்றால் அது தனித் தகவல். தரப்படுத்திய வாசனைச் சோதனைப் பெட்டி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

8. முன்பக்கப் பார்வை, மருந்து போடாமல்

நோயாளியின் கண்மட்டமும் உங்கள் கண்மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். முழங்கால்கள் மோதாமல் அவர் கால்களுக்குப் பக்கவாட்டில் உங்கள் கால்களை வையுங்கள்.

துடிகம் ஸ்பெகுலத்தை இடது கையில் பிடியுங்கள். அதன் வளைவு ஆள்காட்டி விரலில் தொங்க, கட்டை விரல் அதைத் தாங்க, நடுவிரலும் மோதிர விரலும் இரண்டு தண்டுகளையும் வெளியிலிருந்து அணைக்க வேண்டும். விரல்கள் இறுகினால் தகடுகள் மூடும், தளர்ந்தால் விரியும். மூடிய நிலையில் நுழைத்து, விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சட்டென விட்டால் வில் வேகத்தில் தகடு நடுச்சுவரில் மோதும்.

தகடுகள் முடி முளைக்கும் தோல் பகுதியைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டினால் சளிச்சவ்வு. வலிக்கும், ரத்தம் வரும். விரிக்கும் விசை சிறகை நோக்கி இருக்கட்டும், நடுச்சுவரை நோக்கி அல்ல. வெளியே எடுக்கும்போது முழுதாக மூடிவிடாதீர்கள். முடி சிக்கி இழுபடும். பாதி திறந்த நிலையிலேயே எடுங்கள்.

தலை நேராக இருக்கும்போது தெரிவது தரையும் கீழ் டர்பினேட்டும். தலையைப் பின்னால் 30 டிகிரி சாய்த்தால் நடு டர்பினேட், நடு மியேட்டஸ். இன்னும் சாய்த்தால் மேல்பகுதி. பலர் முதல் நிலையோடு நிறுத்திவிட்டு “நடு மியேட்டஸ் இயல்பு” என்று எழுதுவார்கள். பார்க்காத இடத்தைப் பற்றி எழுதும் வாக்கியம் அது.

பார்ப்பதற்கு வரிசை வையுங்கள்: நடுச்சுவர், தரை, கீழ் டர்பினேட், நடு டர்பினேட், நடு மியேட்டஸ். நடுச்சுவரில் லிட்டில் பகுதியின் நாளங்கள், பொருக்கு, துளை. துளை இருந்தால் ஒரு பக்கம் காட்டும் ஒளி மறுபக்கம் தெரியும். வளைவு இருந்தால் எந்தப் பக்கம் என்பதோடு நிறுத்த வேண்டாம்; குழிந்த பக்கத்தில் கீழ் டர்பினேட் ஈடுகட்டப் பெருத்திருக்கிறதா என்று பாருங்கள். வளைவு இடப்பக்கம் இருக்க, வலப்பக்க அடைப்பைச் சொல்வதற்கு அதுவே காரணமாகலாம். வளைவு பலருக்கும் உண்டு, தொல்லை சிலருக்கே. வளைவைக் கண்டதும் தேடலை நிறுத்துவதுதான் ஆபத்து.

டர்பினேட்டா, பாலிப்பா? தோல் உரித்த திராட்சை போல வெளிறிப் பளபளப்பது பாலிப். புரோப்பால் தொட்டால் அசையும், வலிக்காது, புரோப் சுற்றிவரும். டர்பினேட் இளஞ்சிவப்பு; தொட்டால் உணர்வு உண்டு; பக்கச்சுவரோடு ஒட்டியிருப்பதால் வெளிப்பக்கம் புரோப் நுழையாது. இருந்தும் சந்தேகமா? அடுத்த படியில் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. இளைஞரில் ஒரு பக்க அடைப்போடு அடிக்கடி ரத்தம் வந்தால் ரத்தநாளக் கட்டியாக இருக்கலாம். குழந்தையில் ஒற்றைப் பாலிப் போலத் தெரிவது மூளை உறையின் பிதுக்கமாக இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் கிள்ளி எடுக்கவே வேண்டாம்.

9. மருந்து, காத்திருப்பு, அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை

பஞ்சை மருந்தில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கீழ், நடு டர்பினேட்டுகளை ஒட்டி வையுங்கள். எத்தனை பஞ்சு உள்ளே போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிழியாத பஞ்சிலிருந்து மருந்து தொண்டைக்குள் ஓடிக் கசக்கும், விழுங்க முடியாமல் செய்யும். 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம்.

இந்தக் காத்திருப்பில்தான் மற்றவற்றை முடிக்கலாம்.

சைனஸ்களை அழுத்திப் பார்ப்பது: கன்னத்தில், கண்குழி விளிம்புக்குக் கீழே கோரைப்பல் மேலுள்ள குழிவில். எத்மாய்டுக்கு, கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவில். நெற்றிக்கு, புருவத்தின் உள்முனைக்கடியில், விரல் நுனியால் மேல்நோக்கி, ஏனென்றால் சைனஸின் மெல்லிய சுவர் அதன் தரைதான். நெற்றியின் நடுவில் தட்டுவதால் பயன் குறைவு. புருவ விளிம்பில் நரம்பு வெளிவரும் பள்ளத்தின் மேல் அழுத்தினால் யாருக்கும் வலிக்கும். இரு பக்கமும் ஒரே விசையில் அழுத்தி ஒப்பிடுங்கள். வலி இருந்தால் மட்டும் சைனஸ் என்று முடிவு கட்ட இயலாது. மற்ற சான்றுகளோடு சேர்த்தே மதிப்பு.

கன்னம் வெளிப்படையாக வீங்கியிருந்தால் முதலில் பல்லைப் பாருங்கள். சைனஸ் அழற்சி மட்டும் கன்னத்தை வீங்கச் செய்வது அரிது. மேல் கடைவாய்ப் பற்களைத் தகட்டின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்.

கண்: ஒவ்வொரு கண்ணின் பார்வைத் திறன், சிவப்பு நிறம் இரு கண்ணிலும் ஒரே அளவு அடர்த்தியாகத் தெரிகிறதா, எல்லாத் திசையிலும் அசைவு. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் தொடு உணர்வு குறைந்திருந்தால் கன்ன சைனஸ் கட்டியை நினைவில் கொள்ளுங்கள். காது: பெரியவரில் ஒரு பக்கம் மட்டும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் மூக்கின் பின்பகுதியைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. வாய் திறந்து அண்ணம், தொண்டையில் இறங்கும் சளி. கடைசியாகக் கழுத்துக் கட்டிகள்.

பஞ்சை எடுத்து எண்ணிக்கையைச் சரிபார்த்து, மறுபடி முன்பக்கப் பார்வை. டர்பினேட் நன்றாகச் சுருங்கி மூச்சும் எளிதானால் தொல்லை சளிச்சவ்வில். சுருங்கியும் அடைப்பு மாறவில்லை என்றால் எலும்பு, குருத்தெலும்பு, பாலிப் ஆகியவற்றைத் தேடுங்கள். பாலிப் சுருங்காது. சிகிச்சையின் திசையே இந்த ஒப்பீட்டில்தான் பிரிகிறது.

10. எண்டோஸ்கோப்: மூன்று பயணம்

நுனியை வெந்நீரிலோ பனித்திரை தடுக்கும் திரவத்திலோ நனையுங்கள். எண்டோஸ்கோப் இடது கையில். அந்தக் கையின் ஒரு விரல் நோயாளியின் முகத்தில் ஊன்றியிருக்கட்டும். அவர் தும்மித் தலையை அசைத்தால் கருவியும் கூடவே அசையும், குத்தாது. அகன்ற பக்கத்தில் தொடங்குங்கள். கண் பார்க்காத இடத்துக்கு நுனி போகக் கூடாது.

முதல் பயணம் தரையோடு, கீழ் டர்பினேட்டுக்கும் நடுச்சுவருக்கும் நடுவே, மூக்கு தொண்டைக்குத் திறக்கும் பின்வாசல் வரை. அங்கே நடுக்காதிலிருந்து வரும் யூஸ்டேசியன் குழாயின் வாய், அதன் பின்னால் ரோசன்முல்லர் குழிவு, அடினாய்ட் சதை. புற்று ஒளிந்திருக்கும் இடம் அந்தக் குழிவு. இரு பக்கமும் ஒப்பிடுங்கள். விழுங்கச் சொன்னால் குழாய் வாய் திறப்பது தெரியும். வழிந்து வரும் சீழ் அந்த வாய்க்கு முன்னும் கீழும் ஓடினால் நடு மியேட்டஸில் வடியும் முன்கூட்ட சைனஸ்கள், பின்னும் மேலும் ஓடினால் பின் எத்மாய்ட் அல்லது ஸ்பீனாய்ட்.

இரண்டாம் பயணம் நடு டர்பினேட்டுக்கு உட்புறமாகப் பின்னோக்கி மேலே, ஸ்பீனாய்ட் குழிவு வரை. பின்வாசலின் மேல்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1 முதல் 1.5 செ.மீ. மேலே ஸ்பீனாய்டின் வாய் இருக்கும். இடம் குறுகியிருந்தால் தள்ள வேண்டாம்.

மூன்றாம் பயணம் நடு மியேட்டஸுக்குள். பெரும்பாலும் 30 டிகிரி கருவியைப் பின்னாலிருந்து முன்னே இழுத்துவரும்போது எளிதாக நுழையும். வலிக்கும் பகுதி என்பதால் இதைக் கடைசியில் வைக்கிறோம். முதலிலேயே செய்தால் மற்ற இரண்டுக்கும் அவர் இடம் தரமாட்டார். உள்ளே கொக்கி போன்ற எலும்புத் தகடான அன்சினேட், அதன் பின்னால் குமிழ் போன்ற புல்லா, நடுவில் பிறை வடிவ இடுக்கு. பக்கச்சுவரில் வட்டமாக ஒரு துளை எளிதாகக் கண்ணில் பட்டால் அது கன்ன சைனஸின் துணை வாய். இயற்கை வாய் நீள்வட்டமாக அன்சினேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும், அறுவை நடக்காத மூக்கில் பொதுவாகத் தெரியாது.

சீழ் தெரிந்தால் நடு மியேட்டஸிலிருந்து மாதிரி எடுங்கள். மூக்கு வாசலிலிருந்து எடுத்த பஞ்சில் தோலில் வாழும் கிருமிதான் வளரும். முடிந்ததும் தொண்டை மரப்பு தணியும் வரை எதையும் விழுங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

எண்டோஸ்கோப் இல்லாத இடத்தில் பின்பக்கக் கண்ணாடி. வெதுவெதுப்பாக்கி, புறங்கையில் வைத்துச் சூட்டைப் பார்த்த பிறகே வாய்க்குள். நாக்கை அழுத்தி, மூக்கால் மூச்சுவிடச் சொன்னால் அண்ணம் தளரும். முதலில் நடுச்சுவரின் பின்விளிம்பைக் கண்டுபிடித்து, அதை வைத்து இரு பக்கமும் விரியுங்கள்.

11. குழந்தையின் மூக்கு

பிறந்தபோது கன்ன சைனஸும் எத்மாய்டும் மட்டும் சிறிதாக இருக்கும். நெற்றி சைனஸ் படத்தில் தெரிவது ஆறேழு வயதில். மூன்று வயதுக் குழந்தைக்கு நெற்றி சைனஸ் என்று எழுதினால் இல்லாத உறுப்புக்கு நோய் எழுதுகிறோம்.

ஸ்பெகுலத்துக்குப் பதில் கட்டை விரலால் நுனியைத் தூக்கினாலே போதும், அல்லது காது பார்க்கும் கருவியில் பெரிய முனை. மாட்டிய பொருள் பெரும்பாலும் தரையில், கீழ் டர்பினேட்டுக்கு அடியில் இருக்கும். உருண்டையான பொருளை இடுக்கியால் பிடித்தால் வழுக்கிப் பின்னால் போகும். கொக்கியைப் பின்னால் கொண்டுபோய் முன்னே இழுக்க வேண்டும். பட்டன் பேட்டரியாக இருக்கலாம் என்றால் சொட்டு மருந்தோ உப்புநீரோ விடாதீர்கள், ஈரம் சிதைவை வேகப்படுத்தும். சில மணி நேரத்தில் நடுச்சுவர் கருகும். அவசரமாக எடுக்க வேண்டும்.

பிறந்த குழந்தை பால் குடிக்கும்போது நீலம் பாரித்து, அழுதால் நிறம் திரும்பினால் பின்வாசல் அடைப்பு. மெல்லிய 6 பிரெஞ்சு அளவுக் குழாய் (2 மி.மீ. தடிமன்) இரண்டு பக்கமும் தொண்டை வரை போகிறதா என்று பாருங்கள்.

12. படம் எப்போது

சாதாரண எக்ஸ்-ரே பெரும்பாலான முடிவுகளுக்கு உதவாது. சி.டி.தான், அதுவும் சிகிச்சை கொடுத்துப் பார்த்த பிறகு. ஜலதோஷம் உள்ள நாளில் எடுத்தால் சைனஸ் அழற்சி இல்லாதவரின் படத்திலும் சளி தெரியும். தொல்லையே இல்லாதவர்களிலும் சிலருக்குத் தற்செயலாகத் தடிப்பு தெரியும். படத்துக்குச் சிகிச்சை இல்லை. ஒரு பக்க நோய், கண் அல்லது மூளைச் சிக்கல் என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே எடுங்கள். மென்திசுவைப் பிரித்தறியவும் மூளைக்குப் பரவியதா என்று காணவும் எம்.ஆர்.ஐ.

சி.டி. படத்துக்கு எண் போடும் லண்ட்-மெக்கே மதிப்பீட்டில் ஒவ்வொரு சைனஸுக்கும் 0, 1, 2. முன்கூட்ட சைனஸ்களின் வடிகால் சந்திக்கு 0 அல்லது 2. இரு பக்கமும் சேர்த்து உச்சம் 24. எண் உயர்ந்திருந்தால் தொல்லையும் அதே அளவு உயர்ந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

13. குறிப்பு எழுதுதல்

“மூக்கு: இயல்பு” என்பது குறிப்பு அல்ல. பக்கம், மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று பிரித்து எழுதுங்கள். சிறிய படம் ஒன்று வரைந்தால் நாலு வரி மிச்சம். எண்டோஸ்கோப்பில் பாலிப், வீக்கம், சளி மூன்றுக்கும் பக்கத்துக்குப் பக்கம் 0 முதல் 2 வரை எண் போடுங்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் கைகொடுக்கும். எழுதும் முறை இப்படி இருக்கலாம்:

“அடைப்பு இருபக்கம், 5 மாதம், வாசனைக் குறைவு, முகவலி இல்லை. ஆவிப் படிவு இடப்பக்கம் குறைவு. மருந்துக்கு முன்: நடுச்சுவர் இடப்பக்கம் வளைவு, வலக் கீழ் டர்பினேட் பெருத்துள்ளது. மருந்துக்குப் பின்: வலப்பக்கம் சுருங்கியது, இடப்பக்கம் மாற்றமில்லை. எண்டோஸ்கோப்: இட நடு மியேட்டஸில் பாலிப் 1, வீக்கம் 1, சளி 1, வலம் 0, 1, 0. பின்பகுதி இருபக்கமும் சமம். இட ஸ்பீனாய்ட் குழிவு வளைவினால் பார்க்க முடியவில்லை. கண், பல் இயல்பு.”

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். பார்க்க முடியாத இடத்தை அப்படியே எழுதியிருந்தால், அடுத்து பார்ப்பவர் அங்கிருந்தே தொடங்குவார்.